சாம் ஃபிஷர் திரும்பி வருவாரா? 'ஸ்பிளின்டர் செல்' ரசிகர்களின் நம்பிக்கையும் ஐயமும்

'ஸ்பிளின்டர் செல்' வீடியோ கேம் வரிசையின் கடைசிப் பாகம் 2013 ஓகஸ்டில் வந்தது. அதன்பின் எட்டு ஆண்டுகளுக்கு மேல் புதிய முக்கியப் பாகம் எதுவும் அறிவிக்கப்படவில்லை. 2021 டிசம்பர் 15 அன்று, 2002-இல் வந்த முதல் பாகத்தை அடித்தளத்திலிருந்து புதிதாகக் கட்டப்போவதாக யூபிசொஃப்ட் நிறுவனம் அறிவித்தது. அந்தப் பொறுப்பை ஏற்றது அதன் ரொறன்ரோ கிளை. அறிவிப்பைக் கேட்டு மகிழ்ந்த ரசிகர்கள் அதே மூச்சில் சந்தேகப்படவும் தொடங்கினார்கள். அந்தச் சந்தேகம் இன்றுவரை தீரவில்லை.

ஸ்காபரோவின் வோபர்ன் பகுதியில் மார்க்கம் வீதியில் 102-ஆம் எண் பேருந்தில் ஏறி, வார்டன் நிலையத்தில் இறங்கி, சுரங்க ரயிலில் மேற்கே லான்ஸ்டவுன் வரை போனால் அந்தக் கிளை இருக்கும் வாலஸ் அவென்யூ நடை தூரம்தான். மார்க்கம் வீதி அடுக்குமாடிகளில் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். முதல் பாகம் வந்த 2002-இல் பதினைந்து வயதாக இருந்த ஒருவர் இன்று நாற்பதைத் தொடப்போகிறார். அவருடைய பிள்ளைக்கே கேம் விளையாடும் வயது வந்திருக்கும். உலகம் முழுதும் எதிர்பார்க்கும் ஒரு கேம் இந்த நகரத்தின் மறுமுனையில்தான் உருவாகிறது.

இதுவரை வந்த முக்கியப் பாகங்கள் ஆறு. எல்லாவற்றுக்கும் நாயகன் சாம் ஃபிஷர், அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையின் 'தேர்ட் எக்கலான்' என்னும் இரகசியப் பிரிவின் உளவாளி. உளவு நாவலாசிரியர் டொம் கிளான்சியின் பெயரைத் தாங்கி வந்த வரிசை இது. தலைமையகத்தில் ஒரு குழு காதுக்குள் பேசி வழிகாட்ட, பகைவரின் கட்டடத்துக்குள் தனியாக நுழைந்து, செய்தியைத் திருடிக்கொண்டு, வந்த சுவடு தெரியாமல் வெளியேறுவது அவருடைய வேலை. அகப்பட்டால் அரசாங்கம் அவரைத் தெரியாது என்று சொல்லிவிடும்.

கதையைக் கேட்டால் நூறு உளவுப் படங்களில் பார்த்ததுதான். புதுமை விளையாடும் முறையில் இருந்தது. அன்றைய துப்பாக்கி கேம்களில் வேகமாகச் சுடுகிறவர் வெல்வார்; இங்கே வெற்றி காத்திருப்பவருக்கு. திரையின் ஓரத்தில் ஓர் ஒளிமானி இருக்கும். சாம் நிற்கும் இடத்தில் எவ்வளவு வெளிச்சம் படுகிறது என்று அது காட்டும். முள் இருட்டுப் பக்கம் சாய்ந்திருந்தால் காவலாளி கைக்கெட்டும் தூரத்தில் கடந்து போனாலும் பார்க்க மாட்டான். வெளிச்சப் பக்கம் சாய்ந்தால் அறையின் மறுகோடியிலிருந்தே கண்டுகொள்வான். அதனால் விளையாடுகிறவர் முதலில் குறிபார்ப்பது விளக்கை, காவலாளியை அல்ல. ஒரு பல்பைச் சுட்டு உடைத்தால் ஒரு மூலை இருளும். ஆனால் உடையும் சத்தம் கேட்டு யாராவது பார்க்க வருவார்கள். சுடலாமா, பொறுக்கலாமா என்ற அந்த யோசனையில்தான் இந்த கேமின் உயிர் இருக்கிறது.

2002-இல் எக்ஸ்பாக்ஸ் கருவி சந்தைக்கு வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. ஆள் அசைய அசையக் கூடவே அசையும் நிழல்களை வீட்டுத் திரையில் காட்ட முடிந்தது அப்போது ஓர் அதிசயம். யூபிசொஃப்டின் மொன்றியல் கிளை அந்த நிழலை அழகுக்காக மட்டும் வைக்கவில்லை, விளையாட்டின் விதியாகவே ஆக்கியது. இருட்டில் ஒளிரும் மூன்று பச்சை விளக்குகள் கொண்ட சாமின் இரவுப் பார்வைக் கண்ணாடி அந்த வரிசையின் அடையாளமாகிவிட்டது.

கடுமையும் இருந்தது. பல கட்டங்களில் மூன்று முறை அபாயமணி ஒலித்தால் பணி தோல்வி. பழைய இடத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். இது பலரைச் சலிப்படைய வைத்தது, சிலரை அடிமைப்படுத்தியது. இன்று ரீமேக்குக்காகக் காத்திருப்பவர்களில் மிகப் பலர் அந்தச் சிலரில் சேர்ந்தவர்கள். ஐயத்தின் வேரும் இங்கேதான் இருக்கிறது.

இரண்டாம் பாகமான 'பண்டோரா டுமாரோ' 2004-இல் ஷாங்காய் கிளையிலிருந்து வந்தது. ஒருவரோடொருவர் மோதும் 'உளவாளிகளும் கூலிப்படையினரும்' ஆட்டம் அதில் அறிமுகமானது. ஆனால் ரசிகர்களிடம் எது சிறந்த பாகம் என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் மூன்றாவதையே சொல்வார்கள். 2005-இல் மொன்றியல் கிளை உருவாக்கிய 'கேயாஸ் தியரி' அது. ஒளிமானியோடு ஒலிமானியும் சேர்ந்தது: சாம் எழுப்பும் சத்தம் எவ்வளவு, சுற்றியிருக்கும் சத்தம் எவ்வளவு என்று அது காட்டும். மழைச் சத்தத்தில் மறைந்து நடக்கலாம், அமைதியான அறையில் தவழத்தான் வேண்டும். அமொன் டோபினின் இசையும் அந்தப் பாகத்தோடு சேர்த்தே நினைவுகூரப்படுகிறது.

அதில் ஒரு முக்கியமான மாற்றமும் நடந்தது. மூன்று அபாயமணிக்குப் பணி தோல்வி என்ற விதி எடுக்கப்பட்டது. அதற்குப் பதிலாக, ஒவ்வொரு மணிக்கும் காவலாளிகள் கவசமும் தலைக்கவசமும் அணிந்து இன்னும் எச்சரிக்கையானார்கள். கடுமை போகாமல் வேறு உருவம் எடுத்தது, ரசிகர்களும் அதைக் கொண்டாடினார்கள். பழைய விதிகள் ஒன்றுகூட மாறக் கூடாது என்று அடம்பிடிக்கும் கூட்டம் இது என்ற குற்றச்சாட்டுக்கு இதுவே பதில். இருட்டும் பொறுமையும் இருக்கும்வரை எந்த மாற்றத்தையும் ஏற்றவர்கள் அவர்கள்.

அடுத்த இரண்டு பாகங்களில் அந்த அடிப்படையே ஆட்டம் கண்டது. 'டபுள் ஏஜென்ட்' 2006-இல் வந்தது. ஐந்தாம் பாகமான 'கன்விக்‌ஷன்' 2007-இல் ஒரு வடிவில் காட்டப்பட்டு, பிறகு அந்த வடிவம் தூக்கியெறியப்பட்டு, முற்றிலும் வேறாகி 2010-இல் வெளியானது. அதில் சாம் தன் மகளுக்கு நேர்ந்ததற்குப் பழிவாங்கக் கிளம்பிய கோபக்காரர். பகைவர்களைக் குறித்து வைத்து ஒரே பொத்தானில் அத்தனை பேரையும் வீழ்த்தலாம். ஒளிமானி இல்லை, சாம் மறைந்திருந்தால் திரை கறுப்பு வெள்ளையாக மாறும். தனியாக எடுத்துப் பார்த்தால் விறுவிறுப்பான கேம். ஆனால் பழைய ரசிகர்களுக்கு அது வேறொருவர் வீடாகப் பட்டது.

ரொறன்ரோவின் பங்கு ஆறாம் பாகத்தில் தொடங்கியது. இங்கே கிளை தொடங்க யூபிசொஃப்ட் 2009-இல் ஒன்ராறியோ அரசோடு உடன்பாடு செய்தது: பத்தாண்டுகளில் மாகாணம் 26.3 கோடி டொலர் தரும், நிறுவனம் 800 வேலைகளை உருவாக்கும். 2010-இல் ஜேட் ரேமண்ட் தலைமையில் கிளை திறந்தது. அது முன்னின்று செய்த முதல் பெரிய கேம், 2013-இன் 'பிளாக்லிஸ்ட்'. கன்விக்‌ஷன் ரசிகர்களையும் கேயாஸ் தியரி ரசிகர்களையும் ஒருசேர அரவணைக்க அது முயன்றது. யாரையும் தொடாமல் போகலாம், ஓசையின்றி வீழ்த்தலாம், நேரே சண்டையும் போடலாம். மூன்று வழிக்கும் மதிப்பெண் உண்டு. விமர்சகர்கள் பாராட்டினார்கள், விற்பனை நிறுவனம் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை.

அந்தப் பாகத்தில் ரசிகர்களைச் சுட்டது ஒரு குரல். அதுவரை சாமுக்குக் குரல் கொடுத்தவர் ரொறன்ரோவில் பிறந்த நடிகர் மைக்கல் அயர்ன்சைட். கரகரப்பான, களைத்த, உள்ளே எங்கோ சிரிப்பு ஒளிந்திருக்கும் குரல். பிளாக்லிஸ்டில் குரலும் உடலசைவும் ஒரே நடிகருடையதாக இருக்க வேண்டும் என்று முடிவாகி, எரிக் ஜோன்சன் அந்த இடத்துக்கு வந்தார். ஜோன்சனின் நடிப்பில் குறையில்லை. ஆனால் பதினோரு ஆண்டுகள் இருட்டில் காதோடு காதாகக் கேட்ட குரல் மாறினால் ஆளே மாறிவிட்டதாகத்தான் தோன்றும். தமிழ்த் திரைப்படங்களில் பழகிய பின்னணிக் குரல் மாறும்போது ஏற்படும் உறுத்தலை நினைத்துப் பார்த்தால் இது புரியும்.

2013-க்குப் பிறகு சாமுக்குச் சொந்த கேம் இல்லை. மற்றவர் வீடுகளில் விருந்தாளியாக வந்து போனார். 2018-இல் 'கோஸ்ட் ரீகன் வைல்ட்லேண்ட்ஸ்' கேமில் அயர்ன்சைட் குரலோடு தலைகாட்டினார். 2020-இல் அதன் அடுத்த பாகத்திலும், பிறகு 'ரெயின்போ சிக்ஸ் சீஜ்' கேமிலும் வந்தார். மெய்நிகர் கண்ணாடிக்கென்று ஒரு ஸ்பிளின்டர் செல் 2020-இல் அறிவிக்கப்பட்டு 2022 ஜூலையில் கைவிடப்பட்டது. நெட்ஃபிளிக்ஸில் 2025 ஒக்டோபரில் 'டெத்வாட்ச்' என்ற அசைவூட்டத் தொடர் வந்தது; அதில் குரல் லீவ் ஷ்ரைபருடையது. பெயர் மட்டும் புழக்கத்தில் இருந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு தலைகாட்டலும் புதிய பாகத்துக்கான முன்னறிவிப்போ என்று ரசிகர்கள் நம்பி நம்பி ஏமாந்தார்கள்.

அறிவிக்கப்பட்ட ரீமேக், சொல்லின் கறாரான பொருளில், அடுத்த பாகம் அல்ல. பழைய கேமின் படத்தை மட்டும் மெருகேற்றி வெளியிடுவது 'ரீமாஸ்டர்'. கதையையும் கட்டங்களையும் வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் புதிதாகச் செய்வது ரீமேக். கதையை முன்னோக்கிக் கொண்டுபோவதுதான் தொடர்ச்சி. ஆயினும் ஸ்பிளின்டர் செல் விஷயத்தில் மூன்றுக்கும் இடையிலான கோடு மெலிந்துவிட்டது. இந்த ரீமேக் வென்றால்தான் ஏழாம் பாகம் என்ற பேச்சுக்கே இடமுண்டு. தோற்றால் வரிசை இத்தோடு முடிந்தது. இது எல்லாருக்கும் தெரியும் என்பதால் ரசிகர்கள் இதைத் தொடர்ச்சியாகவே எண்ணிக் கவலைப்படுகிறார்கள்.

தமிழ் வாசகருக்கு இந்தக் கவலை அந்நியமானதல்ல. 1980-இன் 'பில்லா' 2007-இல் மறுபடி எடுக்கப்பட்டபோது புதிய தலைமுறை அதைத் தனதாக்கிக்கொண்டது. 1996-இன் 'இந்தியன்' படத்துக்கு 28 ஆண்டு கழித்து 2024-இல் வந்த இரண்டாம் பாகம் பெரும் ஏமாற்றமாக முடிந்தது. நாயகனும் இயக்குநரும் அதே ஆட்கள் என்பது உத்தரவாதம் ஆகவில்லை. கேமில் சிக்கல் இன்னும் ஒரு படி கூடுதல். படத்தைக் கண்ணும் காதும் நினைவில் வைத்திருக்கும். கேமை விரல்களும் வைத்திருக்கும். ஒரு குழாயில் தொங்கும்போது எந்தப் பொத்தானை எவ்வளவு மெதுவாகத் தள்ளினால் சத்தம் வராது என்பதை இருபது ஆண்டு கழித்தும் விரல் மறக்காது. அந்த உணர்வு மாறினால் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் பழைய கேம் அங்கே இல்லை.

நம்பிக்கைக்குக் காரணங்கள் இருக்கின்றன. பெரிய நிலப்பரப்பில் கண்டபடி அலையவிடும் 'திறந்த உலக' கேமாக இதை மாற்றப் போவதில்லை, பழையபடி கட்டம் கட்டமாகவே செல்லும் என்று அறிவிப்பிலேயே சொன்னார்கள். யூபிசொஃப்டின் அண்மைக்கால கேம்களில் பெரும்பாலானவை வரைபடம் முழுக்கச் சிறு வேலைகளைச் சிதறவிடுபவை என்பதால் இந்த வாக்கு பெரிய ஆறுதல். கேமை இயக்கும் 'ஸ்னோட்ராப்' மென்பொருள் சுவீடனின் மாசிவ் நிறுவனம் உருவாக்கியது. 2023-இன் 'அவதார்' கேமில் அது ஒளியைக் கையாண்ட விதம் கண்கூடு. ஒளியே விதியாக உள்ள ஒரு கேமுக்கு இன்றைய ஒளித் தொழில்நுட்பம் கிடைத்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே ஆசையாக இருக்கிறது. 2002-இல் விளக்கு எரியும் அல்லது அணையும். இன்று ஒரு தொலைபேசித் திரையின் நீல வெளிச்சமும், ஈரத் தரையில் தெறிக்கும் ஒளியும் கூடச் சாமைக் காட்டிக்கொடுக்க முடியும்.

ஐயங்களில் முதலாவது, கதை. இன்றைய காலத்துக்கேற்பக் கதையைத் திருத்தி எழுத ஓர் எழுத்தாளரைத் தேடி நிறுவனம் 2022-இல் வேலை விளம்பரம் வெளியிட்டது. பழைய கதை சிதைந்துவிடுமோ என்று உடனே சர்ச்சை கிளம்பியது. இந்த அச்சத்தில் பாதி தேவையற்றது. முதல் பாகத்தின் கதை 2004-இன் ஜோர்ஜியா நாட்டில், அன்றைய உலக அரசியலின் மேல் கட்டப்பட்டது. இன்று அதை அப்படியே சொன்னால் பழைய செய்தித்தாளைப் படிப்பதுபோல் இருக்கும். சாமின் வறண்ட நகைச்சுவையையும், தன்னை அனுப்பியவர்கள் மேல் அவருக்குள்ள சந்தேகத்தையும் தொடாதவரை கதை மாறுவதில் நட்டமில்லை.

இரண்டாவது ஐயம் கனமானது. 'ஸ்டார் வார்ஸ் அவுட்லாஸ்' 2024 ஓகஸ்டில் யூபிசொஃப்ட் வெளியிட்ட கேம், அதே ஸ்னோட்ராப் மென்பொருளில் உருவானது. அதன் சில கட்டங்களில் ஒளிந்துதான் போக வேண்டும், கண்டுவிட்டால் தோல்வி. பொது விளையாட்டாளர்கள் இதைக் கடுமையாகக் குறைகூறினார்கள். அதே ஆண்டு நவம்பரில் ஒரு திருத்தம் மூலம் அந்தக் கட்டாயம் ஏறத்தாழ எல்லா இடங்களிலும் நீக்கப்பட்டது. அந்த கேமுக்கு அது சரியான முடிவு. ஆனால் ஸ்பிளின்டர் செல் ரசிகர் அதைப் பார்த்து நடுங்கியிருப்பார். பொதுமக்கள் தாங்க முடியாதது என்று ஒதுக்கியதுதான் அவர் இருபது ஆண்டுகளாகத் திரும்பக் கேட்கும் பொருள். கோடிக்கணக்கில் செலவழிக்கும் ஒரு நிறுவனம் அவருக்காக மட்டும் கேம் செய்யுமா? இந்த ரீமேக்கைச் சுற்றியுள்ள மற்றக் கேள்விகளெல்லாம் இந்த ஒன்றின் கிளைகளே.

மூன்றாவது, நிறுவனத்தின் நிலை. ரீமேக்கின் இயக்குநர் டேவிட் கிரிவெல் 2022 ஒக்டோபரில் விலகிச் சென்றார். 2025 இறுதியில் அவரே திரும்பி வந்தார். 2024-இல் ரொறன்ரோ கிளையில் 33 பேர் வேலையிழந்தார்கள். 2025 மார்ச்சில் 'அசாசின்ஸ் கிரீட்', 'ஃபார் கிரை', 'ரெயின்போ சிக்ஸ்' ஆகிய மூன்றுக்குமாகத் தனி அமைப்பு அறிவிக்கப்பட்டு, சீனாவின் டென்சென்ட் அதில் 116 கோடி யூரோ முதலிட ஒப்புக்கொண்டது. ஸ்பிளின்டர் செல் அந்த மூன்றில் இல்லை.

இதே நிறுவனத்தின் 'பிரின்ஸ் ஒஃப் பெர்ஷியா: சாண்ட்ஸ் ஒஃப் டைம்' ரீமேக்குக்கு நேர்ந்தது ரசிகர்கள் கண்முன் நிற்கிறது. 2020 செப்டெம்பரில் அறிவிக்கப்பட்ட அந்த வேலை இந்தியாவின் புனே, மும்பை கிளைகளிடம் இருந்தது. முன்னோட்டத்தின் படத்தரம் விமர்சிக்கப்பட்டது, வெளியீடு தள்ளிப்போனது, 2022 மேயில் வேலை மொன்றியலுக்கு மாற்றப்பட்டது. 2026 ஜனவரியில் மொத்தமாகக் கைவிடப்பட்டது. ஐந்தாண்டுக்கு மேல் காத்திருந்தவர்களுக்கு மிஞ்சியது ஓர் அறிக்கை.

வேறு பாதையும் உண்டு, அதுவும் கனடாவிலேயே. மொன்றியலின் மோட்டிவ் நிறுவனம் 'டெட் ஸ்பேஸ்' ரீமேக்கை 2021-இல் அறிவித்தபோது, அடுத்த சில வாரங்களிலேயே அரைகுறைக் காட்சிகளை நேரலையில் ரசிகர்களுக்குக் காட்டிக் கருத்துக் கேட்டது. 2023 ஜனவரியில் வெளியான கேம் பழையவர்களையும் புதியவர்களையும் ஒருசேரக் கவர்ந்தது. ஜப்பானின் கேப்கொம் 2019-இல் செய்த 'ரெசிடென்ட் ஈவில் 2' பார்வைக் கோணத்தையே மாற்றியும் பழைய அச்சத்தைக் காப்பாற்றியது. எதிர்முனையில், ஒளிந்து செல்லும் கேம்களின் முன்னோடியான 'தீஃப்' 2014-இல் புதுப்பிக்கப்பட்டபோது எல்லாருக்கும் பிடிக்க வேண்டும் என்று நினைத்து எவருக்கும் முழுதாகப் பிடிக்காமல் போனது.

எல்லா கேமுக்கும் அடுத்த பாகம் வேண்டும் என்பதில்லை. ரொறன்ரோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்ட 'வெண்பா', 1988-இல் கனடா வந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதையை இட்லியும் புட்டும் வழியாகச் சொன்னது. 2024-இல் சிறந்த அறிமுக கேமுக்கான பாஃப்டா விருதும் பெற்றது. ஓரிரு மணி நேரத்தில் முடியும் கேம், சொல்ல வந்ததைச் சொல்லி முடித்துவிட்டது. ஸ்பிளின்டர் செல் அப்படி முடியவில்லை. 2013-இல் பாதியில் நின்ற வரிசை அது, அதன் நாயகனுக்கு ஒரு விடைபெறலும் எழுதப்படவில்லை. ரசிகர்கள் கேட்பது நியாயம் என்பதற்கு அதுவே போதும்.

வோபர்னின் வடக்கு எல்லையில், மார்க்கம் வீதியை ஒட்டியுள்ள சென்டேனியல் கல்லூரி வளாகத்தில் கேம் நிரலாக்கம் கற்பிக்கப்படுகிறது. அங்கே படிக்கும் பிள்ளைகளுக்கு வாலஸ் அவென்யூவில் நடப்பது வேலைவாய்ப்புச் செய்தியும் கூட. மாகாணத்தின் பணமும் அதில் இருக்கிறது. ஆகவே நிறுவனத்திடம் ஒன்றைக் கேட்க ஊருக்கு உரிமை உண்டு: 2022 நவம்பரில், வரிசையின் இருபதாம் ஆண்டு நிறைவுக்காகச் சில ஓவியங்களைக் காட்டினீர்கள், 2025 முடியும்வரை விளையாடும் காட்சி ஒன்றும் வரவில்லை. ஒரு நடைபாதை, ஒரு காவலாளி, ஒரு விளக்கு, ஐந்து நிமிடம். அதைக் காட்டுங்கள். ரசிகர்கள் தாங்களே தீர்ப்புச் சொல்லிக்கொள்வார்கள்.

அதுவரை, இதை அறியாத வாசகர் 'கேயாஸ் தியரி'யிலிருந்து தொடங்கலாம். அது கணினியில் இன்றும் கிடைக்கிறது. அறை விளக்கை அணைத்துவிட்டு, காதொலிப்பானை மாட்டிக்கொண்டு விளையாட வேண்டும்.